மடிக்கணினியில் ரேம் கூட்டியபின் வரும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மடிக்கணினி பழுது பார்க்கும் என்னிடம், புதிதாக ஒரு ரேம் வாங்கிப் பழையதன் பக்கத்தில் போட்டுவிட்டு, அதன்பின் கணினி மக்கர் செய்கிறது என்று வருகிறவர்கள் அதிகம். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வைத்திருக்கிறேன். பொருந்தவில்லை என்று ஒதுக்கப்பட்டு என் மேசைக்கு வருகிற ரேம்களில் பெரும்பாலானவை சரியாகச் செருகப்படாதவை, அல்லது லேபிளைப் படிக்காமல் வாங்கப்பட்டவை. உண்மையிலேயே பொருந்தாத ரேம் வேறு வகையில் தொல்லை தரும். அது எப்படி என்பது பின்பாதியில் வருகிறது.

அண்ணாச்சி, ஏற்கெனவே நாலு ஜிபி கிடக்கு. பக்கத்துல எட்டு ஜிபி போடலாமா?

போடலாம். இரண்டும் ஒரே தலைமுறையாகவும் (டிடிஆர்3, டிடிஆர்4 போல) ஒரே மின்னழுத்தத்தில் இயங்குவனவாகவும் இருந்தால், அளவு வேறாக இருப்பதால் எந்தக் கேடும் இல்லை. 4, 8 இரண்டும் சேர்ந்து 12 ஜிபி என்று கணினி காட்டும்.

ஒரே அளவில் இரண்டு இருந்தால் செயலி இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதிப் படிக்கும். இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். அளவு வேறுபட்டால், இன்டெல் செயலிகள் 4 ஜிபியோடு 8-இல் ஒரு 4 ஜிபியை இணைத்து அந்த 8 ஜிபியை டூயல் சேனலாக நடத்தி, மிச்சமுள்ள 4 ஜிபியை மட்டும் ஒற்றைச் சேனலில் ஓட்டும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்றவற்றில் இந்த வேறுபாடு ஓரளவு தெரியும். வேர்டு, எக்செல், இணையம் என்று பயன்படுத்துகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே வேலை செய்கிற 4 ஜிபியைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு 8 வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும்னு சொல்லுதாங்களே, உண்மையா?

கட்டாயம் இல்லை. ரேமின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருக்கும் சில்லுகளைச் செய்வோர் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவரே. ஒரே பெயரில், ஒரே மாடல் எண்ணில், ஆறு மாத இடைவெளியில் வாங்கிய இரண்டு ரேம்களில் வெவ்வேறு சில்லுகள் இருப்பதையும் பார்க்கலாம். ஆகவே கம்பெனிப் பெயரை விட, லேபிளில் உள்ள எண்களே முக்கியம்.

என் லேப்டாப்புக்கு எந்த ரேம்னு எப்படிக் கண்டுபிடிக்க?

இப்போது உள்ளே இருக்கும் ரேமின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் உறுதியான வழி. மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் தவற வாய்ப்புண்டு. இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலியை எடுத்துக்கொண்டால், அதே செயலியுடன் டிடிஆர்3எல் போட்ட கணினிகளும் உண்டு, டிடிஆர்4 போட்டவையும் உண்டு. பன்னிரண்டாம் தலைமுறையில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் புழங்குகின்றன.

லேபிளில் "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி" என்பதுபோல் ஒரு வரி இருக்கும். முதலில் அளவு. அடுத்து வரும் 1ஆர்எக்ஸ்8 என்பதில் 1ஆர் என்றால் சில்லுகள் ஒரே அணியாக வேலை செய்கின்றன என்று பொருள். 2ஆர் என்றால் இரண்டு அணிகள். எக்ஸ்8 என்பது ஒவ்வொரு சில்லும் ஒரு தடவையில் தருகிற பிட்டுகளின் எண்ணிக்கை. பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 வேகம். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து, கேட்ட தரவைத் தருவதற்கு ரேம் எடுத்துக்கொள்ளும் தாமதத்தைக் குறிக்கும்: 2400டி என்றால் 17 கடிகாரத் துடிப்பு, 2666வி என்றால் 19, 3200ஏஏ என்றால் 22. சில லேபிள்களில் 2666-க்குப் பதிலாக 21300 என்று இருக்கும். அது வேகத்தை 8-ஆல் பெருக்கிய எண், வேறொன்றுமில்லை. அதேபோல் 19200 என்றால் 2400, 25600 என்றால் 3200, பழைய டிடிஆர்3-இல் 12800 என்றால் 1600.

தலைமுறை மாறினால் உள்ளேயே நுழையாது. மடிக்கணினி ரேமில் டிடிஆர்3-க்கு 204 பின்கள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டின் இடமும் மாறியிருக்கும். நுழையாத ரேமை அழுத்தி நுழைக்க முயன்று ஸ்லாட்டின் பின்களை வளைத்துவிட்டால் மதர்போர்டு வேலையாகிவிடும். அந்தச் செலவு ரேமின் விலையைப்போல் பல மடங்கு.

டிடிஆர்3-ம் டிடிஆர்3எல்-லும் ஒண்ணுதானே? வெட்டு ஒரே இடத்துலதான இருக்கு?

வெட்டு ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. டிடிஆர்3 இயங்க 1.5 வோல்ட் வேண்டும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலேயே இயங்கும், 1.5 கொடுத்தாலும் தாங்கும். ஆகவே பழைய 1.5 வோல்ட் கணினியில் எல் வகையைப் போடலாம். புதிய 1.35 வோல்ட் கணினியில் எல் இல்லாத ரேமைப் போட்டால் கணினி எழும்பாது, அல்லது எழும்பி நிலையில்லாமல் ஓடும்.

இன்டெல் இரண்டாம் தலைமுறைக் கணினிகள் 1.5 வோல்ட்டில் ஓடின. மூன்றாம் தலைமுறை இரண்டையும் ஏற்கும். நான்காம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகளிலிருந்து எல் வகை மட்டுமே. லேபிளில் பிசி3எல் என்று இருக்கிறதா, வெறும் பிசி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓர் எழுத்துதான். மங்கிய லேபிளில் கண்ணுக்கே தப்பிவிடும். ஐயம் இருந்தால் எல் வகையையே வாங்குங்கள்.

ஸ்கூல்ல குடுத்த அரசாங்க லேப்டாப்புக்கு ரேம் கூட்டலாமா?

கூட்டலாம். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் வழங்கப்பட்டவை டிடிஆர்3 காலத்தவை. நம் மாவட்டத்தில் அக்கா படித்து முடித்த கணினியைத் தம்பி கல்லூரிக்கு எடுத்துப்போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கணினிகளுக்கு ரேம் வாங்கும்போது வோல்ட் பற்றி முன் பதிலில் சொன்னதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில்லுகளின் எண்ணிக்கை.

8 ஜிபி டிடிஆர்3எல் ரேம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் பக்கத்துக்கு 8 வீதம் மொத்தம் 16 சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட், அதாவது அரை ஜிபி. மற்றொன்றில் மொத்தமே 8 சில்லுகள். ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட். இன்டெல் நான்காம் தலைமுறை வரையிலான செயலிகளுக்கு 8 ஜிகாபிட் சில்லுகளைக் கையாளத் தெரியாது. அதற்கும் முந்தைய கோர் 2 டுவோ, முதல் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகளோ 2 ஜிகாபிட் வரைதான் ஏற்கும். அவற்றுக்கு 4 ஜிபி ரேம் வாங்கினாலும் 16 சில்லு உள்ளதாகவே பார்த்து வாங்க வேண்டும். வேகம், வோல்ட், பின்கள் எல்லாம் சரியாக இருந்தும் "இந்த லேப்டாப் ரேம் எடுக்கல" என்று ஒதுக்கப்பட்ட பழைய கணினிகளில் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். கடையில் நின்றே சில்லுகளை எண்ணிவிடலாம், அரை நிமிட வேலை.

2666 பக்கத்துல 3200 வாங்கிப் போட்டேன். 2666-ன்னுதான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. வேகம் வேறான இரண்டு ரேம்கள் சேர்ந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். அப்படித்தான் அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. 3200 ரேம் தனியாக இருந்தாலும் செயலியின் உச்சவரம்புக்கு மேல் ஓடாது. வேகமான ரேமை மெதுவான கணினியில் போடுவதால் கேடு இல்லை.

சிபியு-இசட் என்னும் மென்பொருளில் பார்த்துவிட்டு, "1333-ன்னு பாதியாக் காட்டுது" என்று பதறி வருகிறவர்களும் உண்டு. அது கடிகாரத் துடிப்பின் எண். டிடிஆர் ரேம் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முறை தரவு அனுப்புவதால், 1333-ஐ இரட்டித்தால் வருவதே லேபிளில் உள்ள 2666.

ரேம் போட்டதும் திரை கருப்பாவே நிக்கு. லைட்டு மட்டும் எரியுது. லேப்டாப் போயிட்டா?

பெரும்பாலும் போயிருக்காது. முதலில் பொறுத்திருங்கள். புதிய ரேமைக் கண்டதும் கணினி அதற்கேற்ற நேர அளவுகளைத் தானே சோதித்து அமைத்துக்கொள்ளும். டிடிஆர்4-இல் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகலாம், டிடிஆர்5-இல் சில நிமிடங்கள் கூடத் திரை கருப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் பயந்துபோய்ப் பவர் பொத்தானை அழுத்தி அணைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஐந்து நிமிடம் கழித்தும் படம் வரவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரியின் இணைப்பையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிறகு ரேமைக் கழற்றி மறுபடி செருகுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ரேமை ஏறக்குறைய 30 பாகை சாய்வில் பிடித்து, பொன்னிறப் பற்கள் கிட்டத்தட்ட முழுவதும் மறையும் வரை உள்ளே தள்ளிய பின்பே கீழே அழுத்த வேண்டும். இருபக்கக் கொக்கிகளும் "டிக்" என்று விழ வேண்டும். பற்கள் கோடுபோல் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால், ரேம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கொக்கி விழுந்துவிட்டது என்பதாலேயே உள்ளே முழுதாகப் போய்விட்டது என்று பொருளில்லை. பாதி நுழைந்த ரேமையும் கொக்கி பிடித்துக்கொள்ளும்.

விளக்கு சிமிட்டினாலோ பீப் ஒலி வந்தாலோ எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். டெல் மடிக்கணினிகள் பலவற்றில் மஞ்சள் 2, வெள்ளை 3 என்று சிமிட்டினால் ரேமே தெரியவில்லை என்றும், 2-4 என்றால் ரேம் பழுது என்றும், 2-5 என்றால் ஒவ்வாத ரேம் என்றும் பொருள். மற்ற நிறுவனங்களும் இப்படித் தங்கள் குறிகளை வைத்திருக்கின்றன. கணினி பேச முடியாத நிலையில் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான். "என்னமோ மினுக்குது" என்று வந்து சொன்னால் எனக்கு எதுவும் விளங்காது. கைப்பேசியில் வீடியோ எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

அழி ரப்பர் வச்சுத் தேய்ச்சா சரியாயிரும்னு சொல்லுதாங்களே?

பற்களில் படிந்த அழுக்கினால் வந்த கோளாறாக இருந்தால் சரியாகும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் கடல் காற்றில் இருந்த கணினிகளில் பற்கள் மங்கி, தேய்த்ததும் சரியானதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் முழுமையாகத் தட்டிவிட வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி இதைவிட நல்லது. மணல் கலந்த நீல நிற ரப்பர் வேண்டவே வேண்டாம். பொன் பூச்சைச் சுரண்டிவிடும். புதிதாக வாங்கிய ரேமுக்கு இது எதுவும் தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால் அது புதியதுதானா என்று கேளுங்கள்.

எட்டு ஜிபி போட்டும் மூணு சொச்சம்தான் காட்டுது, ஏன்?

விண்டோஸ் 32 பிட்டாக இருக்கும். அது 4 ஜிபிக்கு மேல் கையாளாது. அதிலும் வன்பொருளுக்கு ஒரு பகுதி போக 3.2 முதல் 3.5 வரைதான் கையில் வரும். 64 பிட் விண்டோஸ் போட்டால் முழுவதும் தெரியும். விண்டோஸ் 7 ஹோம் பேசிக்காக இருந்தால் 64 பிட்டிலும் 8 ஜிபிதான் வரம்பு.

என்னது 64 பிட்டுதான். இருந்தும் எட்டுக்கு 5.9-தான் பயன்படும்னு போட்டிருக்கு.

ஏஎம்டி ரைசன் கணினிகளில் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கியிருந்தால் இப்படிக் காட்டும், அது பழுதன்று. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருளில்) அந்த ஒதுக்கீட்டைக் குறைக்க வழியிருந்தால் குறைக்கலாம். ஒதுக்கீடு அதிகம் இல்லாமலேயே சரிபாதி காணவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: எம்எஸ்கான்ஃபிக் கருவியின் பூட் பகுதியில் அதிகபட்ச நினைவகம் என்ற கட்டத்தில் யாராவது குறியிட்டு வைத்திருக்கிறார்களா என்பது ஒன்று, ஒரு ரேம் சரியாக உட்காராமல் இருக்கிறதா என்பது மற்றொன்று. "கணினி வேகமாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தக் கட்டத்தில் கைவைத்தவர்கள் பலர். அதைக் குறியில்லாமல் விடுவதே சரி.

டாஸ்க் மேனேஜர்ல ரெண்டு ஸ்லாட்டுன்னு காட்டுச்சு. ரெண்டு ரேம் வாங்கிட்டேன். திறந்து பார்த்தா ஒண்ணுதான் இருக்கு!

மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட ரேமையும் விண்டோஸ் ஒரு ஸ்லாட்டாகக் கணக்கிடும். 4 ஜிபி பற்றவைத்து, கூடுதலுக்கு ஒரு ஸ்லாட் விட்ட மெல்லிய மடிக்கணினிகள் நிறைய உண்டு. இன்னும் மெல்லியவற்றில் எல்பிடிடிஆர் வகை ரேம் முழுவதும் பற்றவைத்திருக்கும். அவற்றில் கூட்ட வழியே இல்லை. அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில் வடிவம் என்ற இடத்தில் சில்லு வரிசை என்னும் பொருள்பட "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் அது பற்றவைத்தது என்று அறியலாம். வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

பற்றவைத்த ரேமோடு சேர்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பொருந்தவில்லை என்றால் மாற்றக்கூடியது நீங்கள் வாங்கியது மட்டுமே. ஆகவே பற்றவைத்ததன் வேகத்துக்குச் சமமானதையே தேர்ந்தெடுங்கள்.

பழசு மட்டும் போட்டா ஓடுது, புதுசு மட்டும் போட்டாலும் ஓடுது. ரெண்டையும் சேர்த்தாத்தான் ஓட மாட்டேங்கு.

உண்மையான பொருத்தமின்மை என்பது இதுதான். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் நான்கு சோதனைகளையும் செய்தீர்களா என்று பாருங்கள்: பழையது முதல் ஸ்லாட்டில், பழையது இரண்டாம் ஸ்லாட்டில், புதியது முதலாவதில், புதியது இரண்டாவதில். பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, மற்ற ஸ்லாட்டைச் சோதிக்காமலேயே ரேம்மீது பழி போடுகிறார்கள். எந்த ரேம் போட்டாலும் இரண்டாம் ஸ்லாட் ஓடவில்லை என்றால் கோளாறு ஸ்லாட்டில். ஒன்றை மட்டும் போடும்போது அது முதல் ஸ்லாட்டில் இருந்தால்தான் எழும்பும் என்ற அமைப்புள்ள கணினிகளும் சில உண்டு. உங்கள் மாடலின் கையேட்டில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கும் தேறி, சேர்ந்தால் மட்டும் தோற்றால், முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். புதிய ரேம்களைக் கையாளும் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. அடுத்து இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் லேபிள்களை அருகருகே வைத்து, முன்பு சொன்ன அணி எண்களை ஒப்பிடுங்கள். பழைய 8 ஜிபி 2ஆர்எக்ஸ்8 ஆகவும், புதியது 1ஆர்எக்ஸ்16 ஆகவும் இருக்கக் கூடும். அந்தப் புதியதில் 16 ஜிகாபிட் சில்லுகள் நான்கே நான்கு இருக்கும். விலை குறைந்த 3200 ரேம்கள் பல இப்படித்தான் வருகின்றன. புதிய கணினிகள் இந்தக் கலவையைத் தாங்கிக்கொள்ளும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளில் சில தாங்குவதில்லை. அரசு மடிக்கணினி பற்றிய பதிலில் சொன்ன அதே சில்லுக் கொள்ளளவுச் சிக்கல் இங்கே டிடிஆர்4-இல் திரும்ப வருகிறது. அப்போது புதியதைக் கொடுத்துவிட்டு 1ஆர்எக்ஸ்8 அல்லது 2ஆர்எக்ஸ்8 என்று கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்எம்பி ரேம்னு கூடுதல் விலைக்கு வாங்கினேன். வேகம் ஏறவே இல்லையே?

எக்ஸ்எம்பி என்பது ரேமைப் பொது அளவுகளை மீறி வேகமாக ஓட்ட அதிலேயே எழுதி வைத்திருக்கும் அமைப்பு. பெரும்பாலான மடிக்கணினிகளின் பயாஸில் எக்ஸ்எம்பி கிடையாது. இல்லாத கணினியில் அந்த ரேம் பொது அளவுகளில் மட்டுமே ஓடும். கொடுத்த கூடுதல் விலை வீண்.

மூடி வச்சுட்டுத் திறந்தா எழும்ப மாட்டேங்கு. ரேம் மாத்துனதுக்கு அப்புறம்தான் இப்படி.

உறக்கத்தில் இருக்கும்போதும் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்தக் குறைந்த மின் நிலையிலிருந்து மீளும்போது, விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிற கலவை தடுமாறும். விழித்திருக்கும்போது நன்றாக ஓடி, மீளும்போது மட்டும் தடுமாறினால், ரேமை ஒவ்வொன்றாகத் தனியே விட்டு இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். தனியே இருக்கும்போது கோளாறு மறைந்தால் முன் பதிலின் வழியில் செல்லுங்கள். மறையவில்லை என்றால் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோளாறாக இருக்கலாம். ரேமைக் குற்றம் சொல்ல வேண்டாம். ரேம் மாற்றுவதற்கு முன் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் செய்வதும் நல்லது. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி பழைய நிலையைச் சேமித்து வைத்திருப்பதால் வரும் குழப்பத்தை அது தவிர்க்கும்.

காலையில நல்லா ஓடுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தொங்கிருது.

நம் ஊரின் சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் புகார் கூடும். ரேம் சில்லு தன்னில் எழுதப்பட்டதை நிலைநிறுத்த, சில பத்து மில்லி நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் மின்கசிவு கூடுவதால் இரு மடங்கு வேகத்தில் புதுப்பிக்க வேண்டும். நல்ல ரேம் இதைச் சமாளிக்கும். ஓரத்தில் ஓடும் ரேம் பிட்டுகளைத் தவறவிடும். குளிர்ந்த காலையில் சோதித்து "தேறிவிட்டது" என்று திருப்பித் தரப்பட்ட ரேம், மதியம் வீட்டில் தோற்பது இதனால்தான்.

காற்றோட்டத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆடிக் காற்றுக்குப் பிறகு திறக்கும் கணினிகளில் விசிறியின் இறக்கைகளே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மண் இருக்கும். சுத்தம் செய்தபின்னும் தொங்கினால், கணினி சூடாக இருக்கும் நேரத்திலேயே கீழே சொல்லும் சோதனையை ஓட்டுங்கள்.

விண்டோஸ்ல டெஸ்ட் பண்ணேன், பிழை இல்லைன்னு வந்துட்டு. அப்போ ரேம் நல்லதுதானே?

விண்டோஸில் உள்ள மெமரி டயக்னாஸ்டிக் பிழை காட்டினால் நம்பலாம். காட்டவில்லை என்றால் அதை மட்டும் வைத்து நம்ப முடியாது. அது மேலோட்டமான சோதனை. மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றுகளையும் முடிக்க விடுங்கள். பல மணி நேரம் ஆகும். இரவில் சார்ஜரோடு விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை ஏற்கக் கூடாது. கோடிக்கணக்கான இடங்களில் ஒன்றுதானே என்று எண்ண வேண்டாம். அந்த ஓரிடத்தில் என்ன எழுதப்படும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. முதலில் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். பிழை வந்தால் ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டி யார் குற்றவாளி என்று பிரியுங்கள். தனித்தனியே சுத்தமாக வந்து, சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால், அது ரேம் பழுதன்று, பொருத்தமின்மை.

கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேங்காரு. விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு பில்லுல அச்சடிச்சிருக்கு.

பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலவரை இல்லாவிட்டால் 30 நாள் என்றும் சொல்கிறது. ஆனால் அது பழுதான பொருளுக்கு உரியது. நல்ல ரேமை, உங்கள் கணினிக்கு ஒவ்வாததை நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கியிருந்தால் அது கடைக்காரரின் பழுது ஆகாது. ஆகவே மெம்டெஸ்ட் பிழைத் திரையைப் படம் எடுத்து, பில்லோடு எடுத்துச் செல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்து வாங்கும்போதும், வாங்குமுன்னரே "ஒவ்வவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா" என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

ரேம் கெட்டுருந்தா கணினி நின்னுருமே? என்னது நிக்கவே இல்ல, ஃபோட்டோ மட்டும்தான் கெடுது.

நின்றுவிடுகிற கணினி நல்ல கணினி. அது உங்களை எச்சரிக்கிறது. நிற்காமல் ஓடுகிற கெட்ட ரேம்தான் பெரிய கேடு. மெமரி கார்டிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகவே போகிறது. வழியில் ஒரு பிட் மாறினாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. மாறியதே டிஸ்க்கில் எழுதப்படும். ஜிப் கோப்பு விரிய மறுப்பது, புதிதாக இறக்கிய மென்பொருள் நிறுவும்போது பழுது என்று சொல்வது, பிரவுசரின் பக்கங்கள் மட்டும் அடிக்கடி விழுவது, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பெயரில் நீலத்திரை வருவது ஆகியவை எல்லாம் இதன் அறிகுறிகள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் டவுன் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றியபோது, நூற்றுக்கு இரண்டு மூன்று படங்களில் கீழ்ப்பாதி மட்டும் இளஞ்சிவப்புப் பட்டையாகியிருந்தது. ஒரு படத்தில் தேரின் மேல்தட்டு துல்லியமாக இருந்தது. வடம் பிடித்தவர்கள் இருந்த இடம் முழுவதும் சாம்பல் நிறம். கார்டுதான் கெட்டுவிட்டது என்று எண்ணி அதை ஃபார்மேட் செய்யவிருந்தவர், அதற்குமுன் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தார். அவரது கணினியில் ஒரு மாதத்துக்கு முன் சேர்த்த 8 ஜிபி ரேம் இருந்தது. மெம்டெஸ்ட் இரண்டாம் சுற்றிலேயே பிழைகளைக் காட்டியது. தனியே ஓட்டியபோதும் அதே ரேம்தான் காட்டியது.

ரேமை மாற்றுவதோடு இந்த வேலை முடிவதில்லை. அந்த ரேம் உள்ளே இருந்த நாள்களில் நகலெடுத்தவை, திருத்திச் சேமித்தவை எல்லாவற்றையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். மூலப்பிரதி இருப்பவற்றை மீண்டும் நகலெடுக்க வேண்டும். விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கருவியை ஒருமுறை ஓட்ட வேண்டும். அதே காலத்தில் எடுத்த பேக்கப்பை நல்லதென்று நம்பி, அதற்கு முந்தைய பேக்கப்பை அழித்துவிடக் கூடாது. அவர் கார்டை அழிக்காததால், பழைய 8 ஜிபி ரேமை மட்டும் வைத்து எல்லாப் படங்களையும் மறுபடி ஏற்றினோம். சாம்பல் நிறமாக இருந்த இடத்தில் வடம் பிடித்தவர்களின் முகங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. அந்த ஒரு மாதத்தில் ஏற்றிய இரண்டு கல்யாணங்களின் கார்டுகளை அவர் ஏற்கெனவே அழித்திருந்தார். அவற்றில் கெட்டுப்போன படங்களை மீட்க முடியவில்லை.